எபிசோட் 41: பொம்மைக் கைக்குக் கம்பி கட்டுவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பத்திப் பேசினவன், இந்த வாரம் பொம்மைக் கைக்குக் கம்பி கட்டுறதைப் பத்திப் பேச வந்திருக்கேன். வேலைய விட்டுட்டானான்னு நினைக்காதீங்க. விடல. ஆனா மெக்கானிக்கல் படிச்சுட்டு ஐடிக்கு வந்த எல்லாருக்கும் உள்ளுக்குள்ள ஒரு அரிப்பு இருக்கும். எதையாவது கையால செஞ்சு பார்க்கணும்னு. எனக்கு அது பொம்மையில வந்து முடிஞ்சது.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். போன கோடை லீவுல எங்க அப்பார்ட்மென்ட் பசங்களுக்காக ஒரு பொம்மை ஷோ போட்டேன். பச்சைக் கலர்ல, பெரிய வாயோட ஒரு பொம்மை. பேரு புளிமூட்டை. பேர் வெச்சது என் அக்கா பொண்ணு, ரெண்டாம் வகுப்பு. தலைக்குள்ள என் வலது கை. பொம்மையோட ரெண்டு கைக்கும் ரெண்டு கம்பி, அதை என் இடது கை கீழேர்ந்து ஆட்டும். மேல போர்வை கட்டின ஒரு மேசைக்குப் பின்னாடி நான். முன்னாடி தரையில ஒரு இருபது பசங்க.

பத்து நிமிஷம் நல்லாத்தான் போச்சு. புளிமூட்டை கையை வேகமா ஆட்டி "வாங்க வாங்க"ன்னு கூப்பிடற இடம் வந்துச்சு. ஆட்டினேன். வலது கை கம்பியிலேர்ந்து கழண்டு தொங்கிடுச்சு. கை தொங்கினதுல ஒண்ணும் இல்ல, பசங்க சிரிச்சிருப்பாங்க. ஆனா கம்பி என் கையிலயே இருந்துச்சு. முனை வெளிய தெரிய, நான் ஆட்டின அதே வேகத்துல முன்னாடி போச்சு. முதல் வரிசையில எழுந்து நின்னு எட்டிப் பார்த்துட்டிருந்த ஒரு பையனோட கன்னத்துல கோடு போட்டுடுச்சு.

பெரிய காயம் இல்ல. லேசா ரத்தம் எட்டிப் பார்த்துச்சு, அழுதான், ஐஸ் வெச்சதும் நிறுத்திட்டான். அவங்க அம்மா திட்டக்கூட இல்ல. "தம்பி, ரெண்டு விரக்கடை மேல போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்குப் பதில் இல்ல. புளிமூட்டையைப் பையில போட்டு லாஃப்ட்ல வெச்சேன். ரெண்டு மாசம் அதைத் தொடல.

ஆஃபீஸ்ல சர்வர் விழுந்தா என்ன பண்ணுவோம்? யார் மேல தப்புன்னு தேடாம, எது எப்படி உடைஞ்சதுன்னு எழுதுவோம். ஒரு நாள் லாஃப்ட்லேர்ந்து பையை இறக்கி, அதே மாதிரி எழுதிப் பார்த்தேன். முதல்ல எழுதினது: "க்ளூ விட்டுடுச்சு". அது பொய்ன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது காரணமும் இல்ல. க்ளூ ஏன் விட்டுச்சு?

அதுக்கு இந்த மாதிரி பொம்மை எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரியணும். கெர்மிட் தவளையை எல்லாருக்கும் தெரியும். ஜிம் ஹென்சன் 1955-ல, அமெரிக்காவில் வாஷிங்டன்ல ஒரு டிவி நிகழ்ச்சிக்காக, அவங்க அம்மாவோட பழைய கோட்டு ஒண்ணை வெட்டிச் செஞ்சது. கண்ணுக்குப் பிங்பாங் பந்தை ரெண்டா வெட்டி ஒட்டினார். கெர்மிட் பேசும்போது கையைக் கவனிச்சுப் பாருங்க. மணிக்கட்டுலேர்ந்து ஒரு மெல்லிய கம்பி கீழ இறங்கும். ஒரு தடவை கண்ணுல பட்டுட்டா அப்புறம் அது தெரிஞ்சுகிட்டே இருக்கும். மப்பெட் பொம்மைகள்ல பெரும்பாலானது இடதுகைப் பழக்கம் உள்ளதுங்க. காரணம் வேற ஒண்ணும் இல்ல, ஆட்டுறவங்க பெரும்பாலும் வலதுகைக்காரங்க. நல்ல கை வாய்க்குள்ள போயிடுது. மிச்சம் இருக்கிற இடது கைதான் கம்பியைப் பிடிக்குது. அதுக்கு நேரா மேல இருக்கிறது பொம்மையோட இடது கை.

இது மேற்கத்திய கண்டுபிடிப்பும் இல்ல. இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவில, வாயாங் கோலெக்னு மரப்பொம்மை ஆட்டம் இருக்கு. நடுவுல ஒரு குச்சி தலையைத் திருப்பும், ரெண்டு கையிலயும் ரெண்டு குச்சி, எல்லாம் கீழேர்ந்து. தோளும் முழங்கையும் வெறும் கயிறு முடிச்சுதான். நம்ம ஊர் பொம்மலாட்டத்துல இதையே தலைகீழாப் போட்டிருக்காங்க. ஆட்டுறவர் பொம்மைக்குப் பின்னாடி மேல நிப்பார். தலையில ஒரு இரும்பு வளையத்தைக் கிரீடம் மாதிரி மாட்டியிருப்பார், பொம்மையோட கயிறெல்லாம் அதுல கட்டியிருக்கும். பொம்மை சாதாரண சைஸ் இல்ல, நாலரை அடி உயரம், 10 கிலோ வரைக்கும் போகும். அந்த எடை மொத்தமும் தலைக்குப் போயிடும். அவரோட ரெண்டு கையும் ஃப்ரீ. அந்த ரெண்டு கையில ரெண்டு கம்பி, நேரா மேலேர்ந்து பொம்மைக் கைக்கு.

சின்ன வயசுல ஊர்த் திருவிழாவுல இதைப் பார்த்திருக்கேன். அப்போ கயிறு மட்டும்தான் ஞாபகத்துல நின்னுச்சு. இப்போ யோசிச்சா, என்ன ஒரு வேலைப் பிரிவினை! பாரத்தைத் தூக்குறது கயிறு. பேசுறது கம்பி. கயிறால இழுக்க மட்டும்தான் முடியும், தள்ள முடியாது, திருக முடியாது. கம்பியால மூணும் முடியும். கைன்னா அது மூணும் வேணும்.

சரி, திருகுறதுக்கு வருவோம். க்ளூ விட்ட கதை அங்கதான் இருக்கு.

கம்பி கையோட சேர்ற இடத்துல மூணு விதமான அசைவு நடக்கலாம். ஒண்ணு, கம்பிக்கும் கைக்கும் நடுவுல இருக்கிற கோணம் மாறுறது. பொம்மை கையை முன்னாடி நீட்டினா கம்பி கைக்குச் செங்குத்தா இருக்கும். கையை மேல தூக்கினா கம்பி முன்கையோட ஒட்டினாப்ல நேராயிடும். அதாவது ஒவ்வொரு அசைவுலயும் இந்தக் கோணம் மாறியே ஆகணும். ரெண்டாவது, கம்பி தன்னைத்தானே சுத்திக்கிறது, திருகு. மூணாவது, கம்பி கைக்குள்ள உள்ள வெளிய நழுவுறது.

நான் என்ன பண்ணியிருந்தேன்? ஜிஐ கம்பியை நேரா வெட்டி, உள்ளங்கை ஸ்பாஞ்சுக்குள்ள குத்தி, க்ளூ கன்னால நிறைய ஊத்தி மூடிட்டேன். அதாவது கோணத்தைப் பூட்டிட்டேன். ஆனா பொம்மை கையை ஆட்டும்போது கோணம் மாறித்தானே ஆகணும்? அந்த அழுத்தம் எங்க போகும்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த க்ளூ கட்டியை நெம்பிக்கிட்டே இருந்திருக்கு. வழவழன்னு இருக்கிற கம்பியில க்ளூவுக்குப் பிடிப்பும் கிடையாது. நழுவாம இருக்கிறதுக்கு அந்த ஒட்டுதலைத் தவிர வேற எதுவும் இல்ல. சுழல வேண்டியதைப் பூட்டினேன், பூட்ட வேண்டியதை நம்பிக்கையில விட்டேன். அப்புறம் முனையைக் கூர்மையா, நேரா வெச்சேன். அந்தப் பையன் கன்னத்துல கோடு விழுந்ததுக்கு மூணும் சேர்ந்துதான் காரணம். இன்னும் நல்ல க்ளூ வாங்கியிருந்தா? பத்தாவது நிமிஷத்துக்குப் பதிலா மூணாவது ஷோவுல கழண்டிருக்கும்.

அடுத்த முயற்சி குடைக்கம்பி. பழைய தாத்தா குடை, மடக்குற குடை இல்ல, நீளக் குடை. அதோட ஒவ்வொரு கம்பி முனையிலும் துணியைத் தைக்கிறதுக்கு ஒரு குட்டி ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீங்க. ரெடிமேட் ஊசிக்காது! அதை மணிக்கட்டுல ஒரு பட்டை நாடாவோட சேர்த்துத் தைச்சேன். கோணம் தாராளமா மாறுச்சு. இழுத்துப் பார்த்தேன், கழலல. லேசா இருந்துச்சு, வளையல. ரொம்ப சந்தோஷமா அக்கா பொண்ணுகிட்ட காட்டினேன்.

அவ ஒரு நிமிஷம் ஆட்டிப் பார்த்துட்டு, "மாமா, இவனுக்கு டாட்டா காட்டத் தெரியல"ன்னா.

சரியாத்தான் சொன்னா. டாட்டான்னா கை மேல நிக்கணும், உள்ளங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பணும். நான் கீழ கம்பியைத் திருகுறேன், மேல நாடா முறுக்கிக்குது, கை சும்மா நிக்குது. திருகு போய்ச் சேரல. முதல் தடவை எல்லாத்தையும் பூட்டினேன், ரெண்டாவது தடவை எல்லாத்தையும் அவிழ்த்து விட்டுட்டேன். எளிமையா வேணும், கை சும்மா மேலயும் கீழயும் போனாப் போதும்னா குடைக்கம்பி தாராளம். முதல் பொம்மைக்கு நான் அதைத்தான் சிபாரிசு பண்ணுவேன். ஆனா டாட்டா வராது.

வேண்டியது ஒரு கதவுக் கீல். கீல் ஒரு பக்கமா மட்டும் ஆடும், மத்த எல்லாப் பக்கமும் இறுக்கமா இருக்கும். கினமேட்டிக்ஸ் பேப்பர்ல இதைப் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். எழுதினதுக்கு ஒரு பொம்மைக் கை கிடைக்க இத்தனை வருஷம் ஆயிருக்கு.

கீல் கிடைச்சது சைக்கிள் கடையில. பின்சக்கரத்துக்குப் பஞ்சர் பார்க்கப் போனவன், கீழ கிடந்த ஸ்போக்ஸ் கம்பி ஒண்ணைக் கையில எடுத்துப் பார்த்துட்டே நின்னேன். அரை மணி நேரம் கழிச்சு, "அண்ணா, ஸ்போக்ஸ் தனியாத் தருவீங்களா?" "எத்தனை தம்பி? எந்த வீலுக்கு?" "ரெண்டு. பொம்மைக்கு." அவர் ஒரு பார்வை பார்த்தார். காசு வாங்கல.

ஸ்போக்ஸ் கம்பியோட அமைப்பைக் கவனிங்க. 2 மில்லிமீட்டர் கனம், ஜிஐ கம்பி மாதிரி சொன்னபடி வளையாது, விறைப்பா நிக்கும். ஒரு முனை வளைஞ்சு, ஆணி மாதிரி ஒரு தலையோட இருக்கும். இன்னொரு முனையில மரை போட்டிருக்கும், அதுல நிப்பிள்னு ஒரு குட்டி நட்டு. ரெண்டு முனையுமே நமக்கு உதவும்.

மரை இருக்கிற முனையிலேர்ந்து மூணு சென்டிமீட்டர் விட்டு, கட்டிங் பிளேயரால பிடிச்சு 'ட' எழுத்து மாதிரி வளைங்க. கொஞ்சம் பலம் வேணும், சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா நல்ல மூலை கிடைக்கும். அடுத்து, காலியான ஜெல் பேனா ரீஃபில். நல்லா கழுவிட்டு, பொம்மையோட மணிக்கட்டு அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்குங்க. சாதா பால் பேனா ரீஃபில்ல 2 மிமீ கம்பி போகாது, நான் ட்ரை பண்ணிட்டேன். அந்தத் துண்டை மணிக்கட்டுக்குக் குறுக்கா, கட்டைவிரல் பக்கத்துலேர்ந்து சுண்டுவிரல் பக்கம் வரைக்கும் வைக்கணும். வெறும் ஸ்பாஞ்சுல வெச்சா பிச்சுக்கிட்டு வந்துடும். விரல் மடங்கறதுக்கு உள்ள அலுமினியக் கம்பி வெச்சிருப்போம் இல்லையா, அந்த எலும்புக்கூட்டோட சேர்த்து நூலால இறுக்கச் சுத்தி, அது மேல எப்பாக்ஸி தடவணும். இங்க ஒட்டறதுக்கு நூல்தான் முக்கியம். எப்பாக்ஸி நூலை நகராமப் பிடிச்சுக்குது, அவ்வளவுதான்.

காஞ்சதும் 'ட'வோட குட்டைக் காலை அந்தக் குழாய் வழியா விடுங்க. அடுத்த பக்கம் எட்டிப் பார்க்கிற மரையில நிப்பிளைத் திருகுங்க. முடிஞ்சது. கம்பி முன்னும் பின்னும் தாராளமா ஊசலாடும். ஆனா கம்பியைத் திருகினா குட்டைக் கால் குழாயைத் திருப்பும், குழாய் மணிக்கட்டைத் திருப்பும். நழுவறதுக்கு வழியே இல்ல, ஒரு பக்கம் வளைவு, இன்னொரு பக்கம் நிப்பிள். குழாய்க்குள்ள கம்பி கொஞ்சம் லொடலொடன்னு இருக்கும், பரவாயில்ல. ஆட ஆட நிப்பிள் தளர்ந்துடும்கிறது உண்மை. அதுக்கு அக்காவோட நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. கழட்டணும்னா பிளேயர்ல ஒரு திருகு திருகினா விட்டுடும்.

இன்னொரு முனைக்கு, அந்த ஆணித்தலை முனைக்கு, கைப்பிடி. விரல் கனத்துக்கு ஒரு மரக்குச்சி, 15 சென்டிமீட்டர். அடியில மூணு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, பக்கவாட்டுல ஒரு சின்ன வெட்டு போட்டு, வளைஞ்ச முனையை உள்ள இறக்கி எப்பாக்ஸி ஊத்திடுங்க. அந்த வளைவு இருக்கிறதால குச்சிக்குள்ள கம்பி சுத்தாது, உங்க விரல் திருகுற திருகு அப்படியே மேல போகும். நேர்க் கம்பியை ஒட்டியிருந்தா ஒரு மாசத்துல குச்சி தனியா சுத்த ஆரம்பிச்சிருக்கும். எல்லாம் சேர்த்து நீளம் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் வரும். புளிமூட்டை கை 22 சென்டிமீட்டர், அவனுக்கு இது சரி. உங்க பொம்மைக்கு அளவு பார்க்க, கண்ணாடி முன்னாடி நில்லுங்க. பொம்மை கையை உச்சிக்குத் தூக்கினா கைப்பிடி மேசைக்கு மேல தெரியக்கூடாது. கையைத் தொங்கப் போட்டா கைப்பிடி உங்க முழங்கையில இடிக்கக்கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல எது வருதோ அதுதான் நீளம்.

கம்பிக்கு மேட் கருப்பு பெயின்ட் அடிங்க. பளபளப்பு லைட்டுல மின்னும், கண்ணு அங்கதான் போகும். மத்தபடி கம்பியை மறைக்கிறதுக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். பசங்க பொம்மையோட கண்ணைத்தான் பார்க்கிறாங்க. பெரியவங்கதான் கம்பியைப் பார்க்கிறாங்க.

முழங்கையை மறந்துடாதீங்க. நிறைய பேர் கை முழுக்க ஒரே சீராப் பஞ்சு அடைச்சுடுறாங்க. அப்போ கை மடங்காது, தோட்டத்துக்குத் தண்ணி விடற பைப் மாதிரி வளையும். கம்பி எவ்வளவு நல்லா கட்டினாலும் பிரயோஜனம் இல்ல. முழங்கை வர்ற இடத்துல பஞ்சே இல்லாம, குறுக்க ஒரு தையல் போடுங்க. தோள்லயும் அப்படியே. வாயாங் கோலெக்ல வெறும் கயிறு முடிச்சு போதும்னு விட்டிருக்காங்க இல்லையா, அது சிக்கனத்துக்கு இல்ல. கம்பி சொல்றதைக் கேட்க நடுவுல இருக்கிற மூட்டு தொளதொளன்னு இருக்கணும்.

ரெண்டு கம்பியையும் ஒரே கையில பிடிக்கிறதுக்கு கொஞ்ச நாள் ஆகும். குச்சியில நூடுல்ஸ் சாப்பிடற பிடிதான். முதல்ல ஒரு கையை மட்டும் அசைச்சுப் பழகுங்க, இன்னொண்ணைப் பொம்மை இடுப்புல வெச்ச மாதிரி விட்டுடுங்க. அது ரொம்ப திமிரான போஸ், புளிமூட்டைக்கு நல்லாப் பொருந்துச்சு.

இப்போ அந்த அம்மா கேட்ட கேள்வி. ரெண்டு விரக்கடை மேல போயிருந்தா?

'ட' வளைவுக்கு நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை இருந்துச்சு. நிப்பிள் கழண்டு, குழாயும் உடைஞ்சு, கம்பி தனியா வந்தாலும், முன்னாடி வர்றது முனை இல்ல, வளைவு. முனை பக்கவாட்டைப் பார்த்துட்டிருக்கும். குத்தாது, இடிக்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம்னு, வளைவுலேர்ந்து கை எலும்புக்கூட்டுக்கு ஒரு மீன்பிடி நரம்பை லூசாக் கட்டிவிட்டேன். எது விட்டாலும் கை கம்பியிலயே தொங்கும், மொட்டைக் கம்பி தனியாப் பறக்காது. ஷோவுக்கு முன்னாடி வீட்டுல ஒரு டெஸ்ட். கையைப் பிடிச்சுக்கிட்டு கம்பியை நல்லா பலமா இழுக்கிறது, 200 தடவை வேகமா ஆட்டுறது, திரும்ப இழுக்கிறது. 200 கணக்கு எதுக்குன்னா, ஒரு ஷோவுல அத்தனை தடவை ஆட்ட மாட்டேன், அதான். அப்புறம் முன் வரிசைக்கும் மேசைக்கும் நடுவுல தரையில ஒரு மஞ்சள் டேப். என் கை, கம்பி எல்லாத்தையும் நீட்டினாலும் எட்டாத தூரம். வளைவும் நரம்பும் நான் பண்ணின வேலை, அதுல தப்பு இருக்கலாம். டேப்புக்கு அந்தப் பக்கம் கம்பி வரவே வராது. இஞ்சினியரா எனக்குப் பிடிச்சது வளைவு. பந்தயம் கட்டச் சொன்னா டேப் மேலதான் கட்டுவேன்.

ரெண்டாவது ஷோ ஆயுத பூஜை லீவுல. போடறதுக்கு முன்னாடி அந்த அம்மா வீட்டுக்குப் பொம்மையை எடுத்துட்டுப் போனேன். "ஆன்ட்டி, மறுபடி போடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க." அவங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டு, மணிக்கட்டுல விரல் விட்டுத் தடவிப் பார்த்தாங்க. கம்பியைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தாங்க, நான் டெஸ்ட்ல இழுத்ததை விட பலமா. கழலல. "இதை எதுல பண்ணினீங்க?"ன்னாங்க. "சைக்கிள் ஸ்போக்ஸ், ஆன்ட்டி. நடுவுல பேனா ரீஃபில்."

உள்ளேர்ந்து பையன் வந்தான். கன்னத்துல கோடு எப்பவோ மறைஞ்சு போச்சு. பக்கத்துல வரல, சோஃபாவுக்குப் பின்னாடியே நின்னுட்டான். நான் ஒண்ணும் சொல்லாம கீழ கைப்பிடியைத் திருகினேன். புளிமூட்டை டாட்டா காட்டினான். பையன் பதிலுக்குக் காட்டல. கொஞ்ச நேரம் கையையே பார்த்துட்டு, "கம்பி எங்க முடியுது?"ன்னு கேட்டான்.

நிப்பிளைக் கழட்டி, கம்பியை வெளிய எடுத்து, அவன் கையில கொடுத்தேன்.